பளபளப்பு மட்டும் போதுமா? கார் சக்கரம் பற்றி ஒரு பாடம்

(இறுதியாண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு)



நமது மாணவர் மன்ற ஆண்டு மலரில் கதை, கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அது வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் டயரும் ரிம்மும்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். படித்துவிட்டு, உங்கள் வீட்டில் யாராவது கார் வைத்திருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

தர்மபுரியில் இருந்து சேலம் போகும் ரோட்டோரத்தில் என் அப்பா ஒரு பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஒரு கம்ப்ரஸர், ஒரு தண்ணீர்த் தொட்டி, நான்கு டயர் லீவர், மேலே தகரக் கூரை. சொத்து அவ்வளவுதான். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான்தான். அதனால் சொந்தபந்தத்தில் எனக்குப் பெயரே "படிச்ச பையன்". கரண்ட் பில் ஆனாலும் சரி, ரேஷன் கார்டு ஆனாலும் சரி, என்னிடம்தான் வரும். அந்தப் பெயரால் வந்த ஒரு வினைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நடந்தது என்ன?

என் தாய்மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். சொந்தக் கார், கடனில் வாங்கியது. மாருதி டிசையர். அதில் கம்பெனி கொடுத்தது 14 அங்குல இரும்பு ரிம். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கலுக்கு நிறைய சவாரி வரும் என்று காரை அழகுபடுத்த நினைத்தார். வெளியூர்க் கடை ஒன்றில் குரோம் பூசிய 15 அங்குல அலாய் வீல் செட் ஒன்று, டயரோடு சேர்த்து, மலிவாகக் கிடைத்தது. வாங்குவதற்கு முன்னால் என்னைக் கேட்டார்.

"மாப்ளே, நீ மெக்கானிக்கல் படிக்கிறே. கறுப்புல ஒண்ணு இருக்கு, குரோம்ல ஒண்ணு இருக்கு. எதை எடுக்கலாம்?"

நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "குரோம் எடுங்க மாமா. கெத்தா இருக்கும்" என்றேன். அப்போது நான் இரண்டாம் ஆண்டு. அந்த வீலின் அளவு என்ன, யார் செய்தது, எவ்வளவு எடை தாங்கும் என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை.

ஆடிப் பதினெட்டு நன்றாகத்தான் போனது. பார்த்தவர்கள் எல்லாம் "வண்டி புதுசா?" என்று கேட்டார்கள். மாமாவுக்குப் பெருமை. ஆனால் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றார். வளைவில் முழுசாகத் திருப்பினால் டயர் உள்ளே உரசுகிறது என்றார். மைலேஜும் குறைந்துவிட்டது என்றார். நான் "அலைன்மென்ட் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டு அதோடு மறந்துவிட்டேன்.

ஆவணி மாதம் ஒரு நாள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனவர் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'கடகட' என்று சத்தம். நல்லவேளையாக உடனே ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தால், முன் இடது சக்கரத்தில் இருக்க வேண்டிய நான்கு நட்டில் இரண்டு கையாலேயே சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. ஒரு போல்ட் முறிந்தே போயிருந்தது. மீதி ஒரே ஒரு நட்டுதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் கைக்குழந்தைக்காரி.

தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட இடம் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் அங்கே லாரி ஒன்று வரிசையாகப் பல வண்டிகள் மேல் மோதி உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு சக்கரம் கழன்று ஓடியிருந்தால்? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வண்டி அப்பா கடைக்கு வந்தது. அப்பா சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். "நட்டு முறுக்கித்தான் இருந்திருக்கான். அப்புறம் எப்பிடி லூசாச்சு? நீ படிக்கிறியே, சொல்லுடா கண்ணு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் நம் ஒர்க்‌ஷாப் ஆசிரியரிடம் போய் நின்றேன். அவர் சொல்லிக்கொடுத்ததும், பிறகு நான் தேடிப் படித்ததும்தான் கீழே வருகிறது.

ரசனை மாறிய கதை

முதலில் இந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரும்பின் மேல் அழகுக்காகக் குரோமியம் பூசும் முறை 1920-களின் நடுவில் தொழிற்சாலைக்கு வந்தது. அதே காலத்தில், 1924-ல், புகாட்டி கம்பெனி தன் 'டைப் 35' பந்தயக் காரில் அலுமினியத்தில் வார்த்த சக்கரத்தைப் போட்டது. ஆக, அலாய் வீலுக்கு வயது நூறு தாண்டிவிட்டது.

நம் நாட்டில் நெடுநாள் வரை சக்கரம் என்றால் இரும்பு ரிம்தான். அம்பாசடர் காரில் 15 அங்குல ரிம், நடுவில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு குரோம் கப். கல்யாணக் காருக்கு அந்தக் கப்பைத்தான் புளி போட்டுத் துலக்குவார்களாம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு 12 அங்குலச் சக்கரம். இந்த இரண்டு கார்களின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. நம் மாநிலத்தில் சென்னை பாடியில் 1960-ல் தொடங்கிய 'வீல்ஸ் இந்தியா' கம்பெனி லாரி, பஸ், கார்களுக்கு இரும்புச் சக்கரம் செய்து பெயர் வாங்கியது. பிறகு அதே கம்பெனி தேர்வாய்க் கண்டிகையில் அலுமினியச் சக்கரம் வார்க்கும் ஆலையும் தொடங்கியது. இரும்பில் இருந்து அலுமினியத்துக்குக் காற்று எப்படித் திரும்பியது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அமெரிக்காவில் 1990-களிலும் 2000-க்குப் பிறகும் பெரிய பெரிய குரோம் வீல்கள் மேல் ஒரு மோகம் இருந்தது. 20 அங்குலம், 22 அங்குலம் என்று போனார்கள். அந்த மோகம் சினிமா வழியாக நமக்கும் வந்தது. இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. டாடா கம்பெனி 2019-ல் ஹாரியர் காரை 'டார்க் எடிஷன்' என்று சக்கரம் முதல் உடம்பு வரை கறுப்பிலேயே விட்டது. ஹூண்டாய் 2022-ல் கிரெட்டாவில் 'நைட் எடிஷன்' விட்டது. பளபளப்புக்குப் பதில் கறுப்புதான் இன்றைய கெத்து!

நம் பக்கத்து வாடிக்கையாளர்கள்

விடுமுறை நாட்களில் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

வாடகைக் கார்க்காரர்கள் இரும்பு ரிம்மும் பிளாஸ்டிக் வீல் கப்பும் போதும் என்கிறார்கள். குழியில் விழுந்து ரிம் நெளிந்தால் இரும்பைத் தட்டி நிமிர்த்தலாம். அலாய் வெடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பெரிய வெள்ளை ஜீப் வகைக் கார் வைத்திருக்கும் பெரிய மனுஷர்களுக்கு இன்றும் குரோம்தான் பிடிக்கிறது. "தூரத்துல வரும்போதே தெரியணும் தம்பி" என்றார் ஒருவர்.

நம் வயசுப் பையன்கள் கறுப்பு, கன்மெட்டல், அல்லது முன்பக்கம் மட்டும் கடைசலில் சீவி வெள்ளி மாதிரி மின்ன விட்ட 'டைமண்ட் கட்' கேட்கிறார்கள்.

லாரிக்காரர்கள் நட்டுக்கு மேல் குரோம் தொப்பி போடுகிறார்கள். வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்கு வராதவர்களுக்கு லாரிதான் வீடு. வாசலில் கோலம் போடுகிற மாதிரி அதை அலங்கரிக்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொப்பிக்குள் நட்டு தளர்ந்தாலோ, துருத்தண்ணி வழிந்தாலோ வெளியே தெரியாது என்று அப்பா எச்சரிப்பார்.

மின்சாரக் கார்களில் வேறொரு வகை வந்திருக்கிறது. காற்று உள்ளே புகுந்து சுழலாதபடி, இடைவெளி குறைந்த தட்டையான வடிவம். அங்கே அழகைத் தீர்மானிப்பது பேட்டரி எவ்வளவு தூரம் ஓடும் என்ற கணக்கு.

கவனியுங்கள் நண்பர்களே! இத்தனை பேரில் "இது என் வண்டிக்குப் பொருந்துமா?" என்று முதலில் கேட்டவர் ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அலாய் வீல் எப்படிச் செய்கிறார்கள்?

கார்களுக்கான அலாய் வீல் பெரும்பாலும் 'ஏ 356' என்ற கலவையில் வார்க்கப்படுகிறது. அலுமினியத்தில் சுமார் 7 சதம் சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்ந்தது. சுமார் 700 டிகிரி சூட்டில் உருகிய உலோகத்தை, குறைந்த காற்றழுத்தத்தில் கீழிருந்து மேலாக அச்சுக்குள் ஏற்றுவார்கள். பிறகு சுமார் 540 டிகிரியில் சுட்டு, தண்ணீரில் குளிர்வித்து, மறுபடி 150, 160 டிகிரி அளவில் சில மணி நேரம் வைப்பார்கள். நாம் மெட்டலர்ஜி பாடத்தில் 'டி 6' என்று படித்தோமே, அதுதான். இந்த வெப்பச் சிகிச்சையைச் சரியாகச் செய்யாத வீலும் சரியாகச் செய்த வீலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். குழியில் விழும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இரும்பின் அடர்த்தி 7.85, அலுமினியம் 2.7. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் அலாய் என்றாலே எடை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. அலுமினியத்தில் அதே பலம் வர வேண்டுமானால் கனம் கூட்டி வார்க்க வேண்டும். அளவும் பெரிதானால் சில வீல்கள் இரும்பைவிட எடை கூடிப்போகும். வாங்குமுன் தராசில் வைத்துப் பாருங்கள்.

நல்ல கம்பெனிகள் மூன்று சோதனை செய்கிறார்கள். வளைவில் திரும்பும்போது வரும் வளைப்பு விசையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது ஒன்று. பாரத்தோடு உருளை மேல் லட்சக்கணக்கான சுற்று ஓட்டுவது இரண்டு. வீலைச் சாய்வாக வைத்து மேலிருந்து எடையைப் போட்டு இடிப்பது மூன்று. நம் நாட்டில் அலாய் வீலுக்கான தர எண் ஐ.எஸ். 16192. ஜப்பான் வழி வந்தவற்றில் 'ஜே.டபிள்யூ.எல்.' என்று வார்த்திருக்கும். வீலின் பின்பக்கம் இந்த முத்திரையும், தாங்கும் எடையும், செய்தவர் அடையாளமும் இருக்க வேண்டும். மாமா வாங்கிய செட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மொட்டை!

ஐந்து எண்கள்

இனி பாடத்துக்கு வருவோம். சக்கரம் வாங்குகிறவர் ஐந்து எண்களைப் பார்க்க வேண்டும்.

1. பி.சி.டி. நட்டுத் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம். டிசையருக்கு 4 துளை, 100 மி.மீ. இன்னோவாவுக்கு 5 துளை, 114.3 மி.மீ. இது மாறினால் வீல் ஏறாது. சில கடைகளில் துளையை அரைத்துப் பெரிதாக்கி ஏற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

2. நடுத்துளை. டிசையரின் ஹப் விட்டம் 54.1 மி.மீ. சந்தையில் விற்கும் வீல்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகவே விடுகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப 'ஹப் ரிங்' என்ற வளையம் போட வேண்டும். போடாவிட்டால் வீல் மையம் தப்பி உட்காரும். மாமாவின் ஸ்டியரிங் நடுங்கியது இதனால்தான். அலைன்மென்ட் பார்க்கச் சொன்ன என் யோசனை சுத்த வீண்.

3. ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. இது மாறினால் சக்கரம் வெளியே துருத்தும், அல்லது உள்ளே உரசும். வெளியே துருத்தினால் பார்க்க அழகு. ஆனால் பேரிங்குக்கு வளைப்பு விசை கூடும்.

4. நட்டின் இருக்கை. கூம்பு வடிவம், உருண்டை வடிவம் என்று இருக்கிறது. வீலில் உள்ள குழிவும் நட்டும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும்.

5. தாங்கும் எடை. டயரில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 85 என்றால் 515 கிலோ, 88 என்றால் 560 கிலோ. வீலிலும் அதற்குக் குறையாத எடை எழுதியிருக்க வேண்டும்.

இப்போது மாமாவின் நட்டு ஏன் தளர்ந்தது? பலர் நினைப்பது போல போல்ட் வீலைத் தொங்கவிட்டுத் தாங்கவில்லை. நட்டை முறுக்கும்போது போல்ட் சிறிது நீண்டு, வீலை ஹப்போடு இறுக்குகிறது. அந்த இறுக்கத்தால் வரும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. மாமா வீலில் பழைய நட்டையே போட்டிருந்தார்கள். வடிவம் மாறியதால் நட்டு விளிம்பில் மட்டும் தொட்டது. அந்த விளிம்பு நாளாக ஆக நசுங்கியது. இறுக்கம் போனது. இறுக்கம் போனதும் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் போல்ட்டை ஒருமுறை வளைத்து நிமிர்த்தியது. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 490 சுற்று. நூறு கிலோமீட்டருக்கு 49,000 தடவை! ஒரு கம்பியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் வளைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் 'ஃபடீக்' என்று நான் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய அதே விஷயம், மாமா வண்டியில் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

டயரில் 165/80 ஆர் 14 என்று இருந்தால், அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதம், ரிம் 14 அங்குலம் என்று பொருள்.

ரிம்: 14 × 25.4 = 355.6 மி.மீ.
பக்கச் சுவர்: 165 × 0.80 = 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264.
மொத்த விட்டம்: 619.6 மி.மீ.

இதே காரின் விலை கூடிய மாடலில் கம்பெனியே கொடுப்பது 185/65 ஆர் 15. கணக்குப் போட்டால் 381 + 240.5 = 621.5 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. ரிம் பெரிதாகும்போது பக்கச் சுவரைக் குறைத்து, மொத்தத்தை மாறாமல் வைத்திருக்கிறார்கள். புத்திசாலித்தனம் அங்கேதான் இருக்கிறது.

மாமா வாங்கியது 205/65 ஆர் 15. அதன் விட்டம் 381 + 266.5 = 647.5 மி.மீ. நாலரை சதம் அதிகம். விளைவு என்ன? ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி நிஜத்தில் 83.6 வேகத்தில் போகும். சக்கரம் பெரிதானதால் சுற்று குறைகிறது. மீட்டருக்குச் சுற்றுதான் தெரியும். ஆகவே 1000 கிலோமீட்டர் ஓடினால் 957 என்றுதான் காட்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மாமா, ஆயிரத்துக்கு 43 கிலோமீட்டர் இனாமாக ஓட்டியிருக்கிறார்! மைலேஜ் குறைந்ததாகத் தெரிந்ததற்கும் இது ஒரு காரணம். இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டியபோது மாமா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அந்த மாடலுக்குக் கம்பெனியே அனுமதித்த அளவுக்குள் நின்றுகொண்டால் தொல்லை இல்லை.

குரோமின் மறுபக்கம்

குரோம் பூச்சு என்றால் முழுக்கக் குரோமியம் என்று நான் நினைத்திருந்தேன். அடியில் செம்பு, அதற்கு மேல் நிக்கல், கடைசியாகத்தான் குரோமியம். அதன் கனம் ஒரு மைக்ரானில் பாதி கூட இருக்காது. துருவில் இருந்து காப்பது பெரும்பாலும் நிக்கல்தான். குரோமியம் மினுமினுப்பும் கடினமும் மட்டும் தருகிறது. எங்காவது ஒரு கல் பட்டுப் பூச்சு விட்டால், ஈரம் உள்ளே போய் அலுமினியத்தை அரிக்க ஆரம்பிக்கும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். கீழே பொருக்கு எழும்பும்.

இதை அப்பா புத்தகம் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார். குரோம் வீலில் காற்று இறங்குகிறது என்று யாராவது வந்தால், பஞ்சர் தேட மாட்டார். டயரும் ரிம்மும் சேரும் ஓரத்தில் சோப்புத் தண்ணி ஊற்றுவார். பூச்சு உரிந்த இடத்தில் குமிழி வரும். "மூஞ்சி பளபளன்னு இருக்கு, ஓரத்துல ஓட்டை" என்பார்.

பூச்சு போடுகிறவர்கள் நிலை இன்னும் முக்கியம். பழைய முறையில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அதன் ஆவி மூக்கின் நடுச்சுவரைப் புண்ணாக்கும். கழிவுநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அமிலத்தில் சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து அதை மூன்று இணைதிறனாக மாற்றி, பிறகு சுண்ணாம்பு போட்டு வண்டலாகப் படிய வைத்துத்தான் நீரை வெளியே விட வேண்டும்.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ராணிப்பேட்டை இருக்கிறது. அங்கே 1995-ல் மூடப்பட்ட ஆலை வீலுக்கு முலாம் போட்டது அல்ல, குரோமேட் ரசாயனம் செய்தது. ஆனால் விஷம் அதே விஷம். ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஆலை மூடியும் மண்ணில் இருந்து அது போகவில்லை.

இதனால்தான் உலகம் முழுக்க மாற்று தேடுகிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், அலங்காரப் பூச்சுக்கு ஆறு இணைதிறன் குரோமியத்தைப் படிப்படியாக நிறுத்த 2023-ல் விதி செய்தது. மூன்று இணைதிறன் குரோமியப் பூச்சும், வெற்றிடத்தில் உலோக ஆவியைப் படியவைக்கும் முறையும் வந்துவிட்டன. ஆகவே குரோம் பிடித்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். பளபளப்பு இருக்கும், விஷம் குறையும். இந்த மாற்று முறைகளைக் கற்றவர்களுக்கு நாளை வேலையும் இருக்கும். 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த ஓசூர் பக்கம் எத்தனை வாகன ஆலைகள், எத்தனை உதிரி பாகப் பட்டறைகள் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். அப்ரண்டிஸாகப் போகப் போவது நாம்தான்.

வாங்கிய பிறகு

புது வீல் போட்டால் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும். காலால் ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கக் கூடாது. கார் கையேட்டில் எவ்வளவு முறுக்கு என்று எழுதியிருக்கும். டார்க் ரெஞ்சால் அந்த அளவுக்கு, எதிர் எதிராக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். குரோம் வீலை ஆசிட் கலந்த பொருளால் கழுவக் கூடாது. சாதாரண சோப்புத் தண்ணீர் போதும். கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடாகும். ஆகவே காற்றோட்டத் துளையே இல்லாத மூடிகளைத் தவிர்க்க வேண்டும்.

முடிவாக...

மாமா இப்போது பழைய 14 அங்குல இரும்பு ரிம்முக்கே திரும்பிவிட்டார். புது போல்ட், புது நட்டு. குரோம் செட்டை என்ன செய்வது என்று கேட்டார். "வேற யாருக்கும் வித்துடாதீங்க மாமா, காயலான் கடைக்குப் போடுங்க" என்றேன். கொடுத்த காசில் கால் பங்கு கூட வரவில்லை. அந்த நஷ்டத்தில் பாதி என் வாயால் வந்தது. சம்பாதித்ததும் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். "போடா, நாலு பேரு உசுரோட வந்தாங்களே, அது போதும்" என்றார்.

நண்பர்களே, அழகை விரும்புவது தப்பில்லை. காய்ச்சுப்போன கையால் வண்டி ஓட்டுகிறவனுக்கும் தன் வண்டி மின்ன வேண்டும் என்ற ஆசை இருக்கும். அந்த ஆசையோடு அவன் நம்மிடம் வந்து கேட்கும்போது, நிறத்தைப் பற்றி மட்டும் பதில் சொல்லி அனுப்பக் கூடாது. அவன் கேட்காத அந்த ஐந்து எண்களையும் நாம்தான் கேட்க வேண்டும். தெரியாவிட்டால் "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல வேண்டும். "படிச்ச பையன்" என்று நம்பி வருகிறவர்கள் நம் வீட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்போது கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. அடிக்கடி வருகிற கார்களின் பெயருக்குப் பதில் படம், அதற்கு நேராக டயர் அளவு, பி.சி.டி., நடுத்துளை. எல்லாம் எண்ணில். நான்தான் எழுதினேன். எண் மட்டும் தெரிந்த அப்பா, வருகிறவர்களுக்கு அதைத் தொட்டுக் காட்டி, வெர்னியர் காலிப்பரால் நடுத்துளையை அளந்து சொல்கிறார். காலிப்பர் பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்.